பெயர் சுட்டாப் பாட்டு

தமிழில் இன்று கிடைக்கும் நூல்களுள் மிகப் பழையதாகக் கருதப்படும் தொல்காப்பியத்தின் கடைசி இயலுக்கு 'மரபியல்' என்று பெயர். பறவையின் இளமைக்குப் பார்ப்பு, யானையின் இளமைக்குக் கன்று, ஆட்டின் இளமைக்கு மறி என்று, எந்த உயிரை எந்தச் சொல்லால் வழங்க வேண்டும் என்பதை அந்த இயல் வரிசைப்படுத்திச் சொல்கிறது. மரபு என்பதற்கு அந்நூல் கொள்ளும் பொருள் இதிலிருந்தே விளங்கும்: பெரியோர் வழிவழியாக எப்படிச் சொல்லி வந்தார்களோ அப்படிச் சொல்வது மரபு. ஆனால் அதே நூல், செய்யுளின் இயல்பைக் கூறும் செய்யுளியலில், ஒரு நூலுக்கு அழகு தரும் எட்டு வனப்புகளை எண்ணும்போது 'தொன்மை' என்பதையும் 'விருந்து' என்பதையும் ஒரே பட்டியலில் வைக்கிறது. தொன்மை பழங்கதையைத் தழுவி வருவது. விருந்து புதிதாகப் புனையப்படும் செய்யுளைப் பற்றியது. வீட்டுக்கு வரும் புதியவரை விருந்து என்று அழைத்த மொழி, இலக்கியத்தில் நுழையும் புதுமைக்கும் அதே சொல்லை வைத்தது என்பது நின்று எண்ணிப் பார்க்கத்தக்கது.

மரபுக்குள் எழுதுவதும் மரபை எதிர்த்து எழுதுவதும் இரு வேறு முகாம்களின் வேலை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தமிழ்க் கவிதையின் நீண்ட வரலாற்றில் ஒரே ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைக் கவிஞர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்று தொடர்ந்து பார்த்தால், அந்த எண்ணம் எவ்வளவு மேலோட்டமானது என்பது தெரியவரும். விதியை மீறியவர்களில் தலைசிறந்தவர்கள் அதை நன்கு அறிந்தவர்களாகவே இருந்தார்கள். அவர்களுடைய மீறலின் முழுச் சுவையும் விதியை அறிந்த வாசகருக்கே கிடைத்தது.

அந்த விதி, காதல் பாட்டில் காதலரின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது.

பழந்தமிழர் பாடுபொருளை அகம், புறம் என்று இரண்டாகப் பகுத்தனர். ஒருவனும் ஒருத்தியும் தம்முள் உணர்ந்து, இன்னதென்று பிறருக்கு எடுத்துச் சொல்ல இயலாத காதல் அகம். போர், கொடை, புகழ், இரங்கல் முதலாகப் பிறர் அறியச் சொல்லக்கூடியவை புறம். ஒத்த அன்புடைய காதலைப் பாடும் அகப்பாட்டில், அதாவது குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்னும் ஐந்திணைப் பாட்டில், யாரையும் பெயர் சுட்டிச் சொல்லுதல் கூடாது என்று தொல்காப்பிய அகத்திணையியல் விதிக்கிறது. ஆகவே எட்டுத்தொகையின் அகநூல்களில் பேசுவோர் தலைவன், தலைவி, தோழி, செவிலி, நற்றாய், பரத்தை போன்ற நிலைப்பெயர்களால் மட்டுமே அறியப்படுகிறார்கள். அவளுக்கு ஊர் உண்டு, நிலம் உண்டு, முற்றத்தில் வேங்கை மரமோ புன்னை மரமோ உண்டு. பெயர் மட்டும் இல்லை.

ஒரு பாட்டில் இன்னானுக்கும் இன்னாளுக்கும் நேர்ந்தது என்று சொல்லிவிட்டால், கேட்பவர் அதை அவர்களுடைய கதையாகக் கேட்டுவிட்டுப் போய்விடலாம். பெயரில்லாதபோது அந்த இடம் காலியாக இருக்கிறது, கேட்பவர் அங்கே தம்மையே வைத்துக்கொள்ள நேர்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பெண்ணின் கவலை இன்றைய வாசகருக்குத் தம் வீட்டுக் கவலைபோலப் படுவதற்கு இந்த விதியும் ஒரு காரணம். இதில் உருக்கமான இன்னொரு செய்தியும் உண்டு. குறுந்தொகையில் சில புலவர்களின் இயற்பெயர் தொகுத்தோருக்கே தெரியாமல் போயிற்று; அவர்கள் பாட்டில் அமைந்த உவமையையோ காட்சியையோ கொண்டே அவர்களுக்குப் பெயர் வைத்தார்கள். செம்மண்ணில் பெய்த மழைநீரை உவமையாக்கியவர் செம்புலப்பெயனீரார் ஆனார். ஆளில்லாத வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுவதைக் காட்டியவர் அணிலாடு முன்றிலார் ஆனார். குப்பைக் கோழிகளின் சண்டையைச் சொன்னவர் குப்பைக்கோழியார் ஆனார். காதலர் பெயரை மறைத்துப் பாடியவர்கள் தாமும் பெயர் இழந்து, தம் பாட்டின் ஒரு துண்டாகவே நிலைத்துவிட்டார்கள்.

விதி இருந்ததே தவிர, புலவர்கள் அதன்முன் கைகட்டி நின்றுவிடவில்லை. தலைவன் தலைவியின் பெயரைத்தானே சொல்லக்கூடாது, உவமையாக வேறொருவர் பெயரைச் சொல்லலாமே என்று ஒரு வழி கண்டார்கள். பரணரும் மாமூலனாரும் அகநானூற்றில் இந்த வழியை மிகுதியாகப் பயன்படுத்தினார்கள். பொருள் தேடிப் பிரிந்த தலைவன், நந்தர் கங்கையில் மறைத்து வைத்த செல்வத்தையே பெறுவதானாலும் தங்கியிருப்பானா என்று கேட்கும் சாக்கில் வடநாட்டு அரசமரபின் பெயர் காதல் பாட்டுக்குள் வந்துவிடுகிறது. யவனர் மரக்கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் முசிறித் துறைமுகமும் அகநானூற்றுப் பாட்டு ஒன்றில்தான் இடம்பெறுகிறது. வரலாற்றாசிரியர்கள் இன்று பொன்போல் போற்றும் பல குறிப்புகள், பெயர் சொல்லாத காதலின் ஓரத்தில் உவமையாகவும் அடைமொழியாகவும் ஒட்டிக்கொண்டு வந்தவை.

இந்த வழியின் மிகப் பெரிய எடுத்துக்காட்டு பட்டினப்பாலை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 301 அடிகளில், காவிரிப்பூம்பட்டினத்தின் கடைத்தெருவும் கப்பல் துறையும் கரிகாலனின் போர்த்திறமும் விரிவாகப் பேசப்படுகின்றன. ஆயினும் அது அகப்பாட்டுத்தான். ஏனெனில், பட்டினமே கிடைப்பதானாலும் இவளைப் பிரிந்து வரமாட்டேன், போகவேண்டிய காடு திருமாவளவனாகிய கரிகாலன் பகைவர்மேல் ஓங்கிய வேலினும் வெம்மையானது, இவள் தோளோ அவன் செங்கோலினும் குளிர்ந்தது என்று பெயரற்ற ஒரு தலைவன் தன் நெஞ்சுக்குச் சொல்வதாக அது அமைந்திருக்கிறது. புகழ வேண்டிய அரசன் உவமைப் பொருளாக நிற்கிறான், விதி முறியவில்லை.

உவமை வழியே வந்த பெயர்களில் ஒரு தொடர் தனியே குறிப்பிடத்தக்கது. வெள்ளிவீதியார் என்ற பெண்பாற் புலவர், காதலனைத் தொலைத்துத் தேடி அலைந்த ஆதிமந்தியைப் போலத் தானும் அலைய வேண்டுமோ என்று தன் தலைவியைப் பேச வைக்கிறார். ஔவையார் பாடிய மற்றோர் அகநானூற்றுப் பாட்டில், தலைவி தானும் வெள்ளிவீதியைப் போலப் புறப்பட்டுவிட எண்ணுகிறாள். ஒரு பெண்ணின் துயரத்தை உவமையாக்கிய புலவர், அடுத்த பெண்பாற் புலவரின் பாட்டில் தாமே உவமையாகிறார். மரபு ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் போவதை இவ்வளவு அருகில் காட்டும் இடம் வேறு அரிது.

விதி எவ்வளவு நுணுக்கமாகக் கடைப்பிடிக்கப்பட்டது என்பதற்கு நெடுநல்வாடை சான்று. நக்கீரர் பாடிய அந்த 188 அடிகளில் ஒரு பக்கம் அரண்மனை: கணவனைப் பிரிந்த அரசி அணிகளைக் களைந்துவிட்டு யானைத் தந்தக் கால்கள் கொண்ட கட்டிலில் கிடக்கிறாள், கடைக்கண்ணில் திரளும் நீரை விரலால் சுண்டி எறிகிறாள். மறுபக்கம் வாடைக்காற்று வீசும் பாசறை: விளக்குகளின் சுடர் தெற்கே சாய்கிறது, குதிரைகள் உடலை உதறி மழைத்துளியைச் சிதறுகின்றன, நள்ளிரவிலும் உறங்காத அரசன் ஓர் இளைஞனின் தோளில் கைவைத்தபடி புண்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகப் பார்த்து வருகிறான், முன்னே செல்பவன் வேலோடு நின்று இன்னார் என்று காட்டுகிறான். பிரிந்திருக்கும் இருவரைப் பாடும் இதைவிடச் சிறந்த முல்லைப்பாட்டு இருக்க முடியாது. யாருடைய பெயரும் பாட்டில் இல்லை. ஆனால் அந்த வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. அதைச் சொன்னதால் பெயரைச் சொன்னதாகவே ஆயிற்று, எனவே இது அகமன்று, புறம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் முடிவு செய்தார். ஒரு கொத்துத் தழை ஒரு பெரிய பாட்டின் திணையையே மாற்றிவிட்டது. நக்கீரர் இதை அறியாமல் செய்திருப்பார் என்று நம்ப முடியவில்லை. அகத்தின் எல்லைவரை வந்து, ஒரு காலை மட்டும் வெளியே வைப்பது அவருடைய கலைத்திறம் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

எல்லையின் மறுபக்கத்தில் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் நிற்கிறார். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளிமேல் தாம் கொண்ட காதலை அவர் பாடிய மூன்று பாடல்கள் புறநானூற்றில் 83, 84, 85 என்ற எண்களில் உள்ளன. உடல் மெலியும் நோயும், தாய்க்கு அஞ்சும் அச்சமும் அகப்பாட்டுக்கு உரியவையே. ஆனால் காதலிப்பவளும் காதலிக்கப்படுபவனும் இன்னார் என்று தெரிந்துவிட்டதாலும், அது ஒருதலைக் காதலாகிய கைக்கிளை என்பதாலும், தொகுத்தோர் அவற்றைப் புறத்தில் வைத்தனர். சொந்தக் காதலைச் சொந்தக் குரலில் சொன்ன ஒரு பெண்ணுக்கு அகத்தில் இடமில்லாமல் போனது இந்த விதியின் கடுமையான பக்கம். அதை மறைக்க வேண்டியதில்லை.

பெயர் சொல்லாமையையே கதையின் திருப்பமாக்கிய துணிவு இளங்கோவடிகளுடையது. சிலப்பதிகாரம் காப்பியம், அதில் தலைவனுக்குக் கோவலன் என்றும் தலைவிக்குக் கண்ணகி என்றும் பெயர் உண்டு, ஊர் உண்டு, தந்தையின் தொழில் உண்டு. இப்படிப் பெயருள்ள மனிதர்களைப் படைத்துவிட்டு, புகார்க் காண்டத்தின் ஏழாம் பகுதியான கானல்வரியில் அவர்களுள் இருவரைப் பெயரற்ற அகப்பாட்டுகளைப் பாட வைக்கிறார். இந்திரவிழா முடிந்து கடலாட வந்த இடம். கோவலனோடு வாழ்ந்துவந்த ஆடல்மகள் மாதவி யாழைத் திருத்திக் கொடுக்க, அவன் வாங்கி முதலில் காவிரியைப் பாடுகிறான், பிறகு கடற்கரைத் தலைவன் ஒருவன் கண்ட பெண்ணை நினைந்து உருகும் பாட்டுகளைப் பாடுகிறான். அவை நெய்தல் மரபில் யாரும் பாடக்கூடிய பாட்டுகள். அந்தப் பெண் யார் என்று அவற்றில் இல்லை. பெயர் இல்லாததாலேயே, இவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாள் என்று மாதவி எண்ணுகிறாள். ஊடலை மறைத்துக்கொண்டு யாழை வாங்கி, தன் மனத்திலும் வேறொரு குறிப்பு இருப்பதுபோல அவளும் பாடுகிறாள். அவள் பாட்டிலும் தலைவன் பெயர் இல்லை. கோவலன் அதை மெய்யென்று கொண்டு எழுந்து போய்விடுகிறான்.

அகப்பாட்டின் காலியிடத்தில் கேட்பவர் தம்மை வைத்துக்கொள்வார் என்பதுதான் விதியின் பயன். இங்கே கேட்ட இருவரும் அந்த இடத்தில் தம்மை வைத்துக்கொள்ளாமல் மூன்றாமவர் ஒருவரை வைத்தார்கள். இரண்டு பாட்டுகளைத் தவறாகக் கேட்டதிலிருந்து பிரிவும், பிரிவிலிருந்து சிலம்பை விற்கும் பயணமும், பயணத்திலிருந்து மதுரையின் அழிவும் வந்து சேர்கின்றன. மரபை வெறும் அணியாகக் காப்பியத்தில் பதித்தவர்கள் பலர். மரபுக்குள் எங்கே ஆபத்து ஒளிந்திருக்கிறது என்று கண்டு, அதையே கதையின் அச்சாணியாக்கியவர் இளங்கோ ஒருவரே.

பக்தி இயக்கம் வந்தபோது விதி வேறொரு விதமாகத் திரும்பியது. ஆழ்வார்களும் நாயன்மார்களும் அகப்பாட்டின் தலைவியை, தோழியை, தாயை, தூது போகும் பறவையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். தலைவன் இருந்த காலியிடத்தில் மட்டும் இறைவனை வைத்து, அவன் பெயரை வாயாரச் சொன்னார்கள். பெயர் சொல்லாமை அகத்தின் உயிராக இருந்ததுபோல, பெயர் சொல்லுதல் பக்தியின் உயிராயிற்று. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த திருநாவுக்கரசர் திருவாரூர்த் திருத்தாண்டகம் ஒன்றில் இந்த மாற்றத்தையே பொருளாக்கினார். அதில் ஒரு பெண் முதலில் அவனுடைய பெயரைக் கேள்விப்படுகிறாள். பிறகு அவன் இருக்கும் தன்மையைக் கேட்கிறாள், அவன் ஊரைக் கேட்கிறாள், அவனுக்காகப் பித்தாகிறாள். தாய் தந்தையரை விடுகிறாள், உலகத்தார் ஒழுக்கத்தை விட்டு அகல்கிறாள், தன்னை மறக்கிறாள், கடைசியில் தன் பெயரையே இழந்து தலைவன் அடியைச் சேர்கிறாள். அவன் பெயரில் தொடங்கி அவள் பெயர் அழிவதில் முடிகிறது அந்தக் காதல். பெயரைக் 'கேட்டாள்' என்று தொடக்கத்தில் சொன்னவர், பெயர் 'கெட்டாள்' என்று முடிவுக்கு அருகில் சொல்கிறார். ஓர் எழுத்தின் நெடிலைக் குறிலாக்கியதில் ஒரு வாழ்க்கை முழுவதும் அடங்கிவிடுகிறது. தலைவிக்குப் பெயர் கூடாது என்ற பழைய விதியை அவர் உடைக்கவில்லை, அவள் எப்படிப் பெயரற்றவள் ஆனாள் என்பதற்குக் காரணம் சொல்லியிருக்கிறார்.

நம்மாழ்வாரிடம் இந்த மரபு இன்னும் விரிந்தது. அவருடைய திருவிருத்தத்தின் நூறு பாட்டுகளில் அகத்துறைகள் நிறைந்திருக்கின்றன. திருவாய்மொழியில் 27 பதிகங்கள் பெண் குரலில் அமைந்தவை. அவற்றுள் 17 தலைவி பேசுவன, 7 தாய் பேசுவன, 3 தோழி பேசுவன என்று வைணவ உரைமரபு கணக்கிட்டு, மகள் பாசுரம், தாய்ப் பாசுரம், தோழிப் பாசுரம் என்று பெயரும் இட்டது. ஆழ்வார் பெண்ணாகும் நிலைக்குப் பராங்குச நாயகி என்றும், திருமங்கையாழ்வார் அவ்வாறு ஆகும் நிலைக்குப் பரகால நாயகி என்றும் பெயர் வழங்குகிறது. அகத்தலைவிக்கு ஒருபோதும் கிடைக்காத பெயர், தலைவியாக மாறிய ஆண் கவிஞருக்குக் கிடைத்தது.

ஆண்டாளுக்கு இந்த வேடம் தேவைப்படவில்லை. நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் அவர் காமனை வேண்டுகிறார், குயிலை அழைக்கச் சொல்கிறார், மேகத்தைத் தூது விடுகிறார், திருமணக் கனவைத் தோழிக்குச் சொல்கிறார். தோழியும் தூதும் கனவும் அகமரபு தந்தவை. ஆனால் பழைய பாட்டில் புலவர் ஒருவர், தலைவி ஒருத்தி என்று இருந்த இடைவெளி இங்கே இல்லை. தலைவனுக்கும் பெயர் உண்டு. பதிகங்களின் முடிவில் பாடியவர் விட்டுசித்தன் மகள் கோதை என்று தலைவிக்கும் பெயர் உண்டு. நக்கண்ணையாரைப் புறத்துக்கு அனுப்பிய விதி ஆண்டாளை எங்கும் அனுப்ப முடியவில்லை. தமிழில் ஒரு பெண் தன் பெயரைச் சொல்லி, தன் காதலன் பெயரைச் சொல்லி, அகத்தின் நடுமுற்றத்திலேயே நின்று பாடியது அப்போதுதான்.

இதற்குப் பின் விதி மறைந்துபோயிருக்க வேண்டும், அப்படி நடக்கவில்லை. மாணிக்கவாசகரின் திருக்கோவையார் 400 கட்டளைக் கலித்துறைப் பாட்டில் ஒரு காதல் கதையை, முதல் சந்திப்பிலிருந்து திருமணத்துக்குப் பிந்தைய பிரிவுவரை வரிசையாகச் சொல்கிறது. அதில் காதலர் இருவருக்கும் பெயர் இல்லை. தில்லைச் சிவபெருமானோ பாட்டுதோறும் வருகிறார். கோவை என்னும் இந்த வகையில் தலைவர் இருவர்: காதலிப்பவன் கிளவித் தலைவன், அவனுக்குப் பெயர் கிடையாது, புகழப்படுபவர் பாட்டுடைத் தலைவர், அவருக்குப் பெயரும் ஊரும் உண்டு. பட்டினப்பாலையில் உவமையாக ஓரத்தில் நின்ற புகழ்த்தலைவர் இங்கே ஓர் இலக்கண உறுப்பாகவே ஆகிவிட்டார். பாண்டியனைப் பாடிய பாண்டிக்கோவையும் பொய்யாமொழிப் புலவரின் தஞ்சைவாணன் கோவையும் இந்த அமைப்பில் எழுந்த நல்ல நூல்கள்.

பின்வந்த நூற்றாண்டுகளில் கோவை பெருகியது, பெருகப் பெருகத் தளர்ந்தது. காதலனும் காதலியும் அச்சில் வார்த்த உருவங்களாக, வள்ளலின் பெயரை மாற்றி மாற்றிப் பொருத்துவதே பல நூல்களில் வேலையாயிற்று. திறமை குறைந்துபோனது என்று சொல்ல முடியாது. இராமநாதபுரம் இரகுநாத சேதுபதியின்மேல் அமிர்த கவிராயர் பாடிய ஒருதுறைக் கோவை, தலைவி நாணத்தால் கண்ணைக் கையால் மூடிக்கொள்ளும் 'நாணிக் கண் புதைத்தல்' என்ற ஒரே ஒரு துறையை 400 பாட்டில் 400 விதமாகச் சொல்கிறது. அந்தக் கற்பனையின் வளம் வியக்கத்தக்கது. ஆனால் 400 பாட்டையும் படித்து முடித்த பின்னும் அந்தப் பெண் ஏன் கண்ணை மூடினாள் என்பது நெஞ்சில் தைக்கவில்லை. மரபு அழிவது எதிரிகளால் அன்று, இத்தகைய தேர்ச்சியால்தான் என்று சொல்லலாம்.

அதே காலத்தில் மரபின் வேர் பலருடைய பார்வையிலிருந்து மறைந்திருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பயின்ற உ.வே. சாமிநாதையர், 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தபோது, தாம் படித்த அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ், கலம்பகம் முதலியவற்றின் நீண்ட பட்டியலைச் சொன்னார். முதலியார் அவற்றை ஒரு பொருட்டாகக் கொள்ளாமல், இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்வியின் விளைவாகச் சீவக சிந்தாமணி 1887-இலும், பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும் அச்சேறின. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சி.வை. தாமோதரம் பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885-இலும் கலித்தொகையை 1887-இலும் பதிப்பித்திருந்தார். ஏட்டிலிருந்து தாளுக்கு வந்த இந்த நூல்கள், மரபு என்றால் நேற்றுவரை பாடப்பட்ட கோவை என்றிருந்த நிலையை மாற்றின. நேற்றையதை விலக்க விரும்பிய இளம் எழுத்தாளருக்கு அதனினும் பழையது துணையாகக் கிடைத்தது.

பாரதி அந்த மாற்றத்தின் தலைமுறையைச் சேர்ந்தவர். புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில் அவர் பாடி, பரலி சு. நெல்லையப்பரால் 1917-இல் வெளியிடப்பட்ட கண்ணன் பாட்டு 23 பாடல்கள் கொண்டது. அதன் இரண்டாம் பதிப்பு 1919-இல் வ.வே.சு. ஐயரின் முன்னுரையோடு வந்தது. ஆழ்வார்கள் தாயாகவும் தலைவியாகவும் மாறிக் கண்ணனைப் பாடினார்கள். பாரதியும் சில பாட்டுகளில் தலைவியாகித் தோழியிடம் பேசுகிறார். மற்றவற்றில் கண்ணனையே மாற்றிவிடுகிறார். அவன் தோழனாகிறான், தந்தையாகிறான், சொன்ன சொல் கேளாத சீடனாகிறான். சேவகனைப் பற்றிய பாட்டில், பாட்டி இறந்த பன்னிரண்டாம் நாள் என்றும் தேள் கடித்தது என்றும் சாக்குச் சொல்லி வேலைக்கு மட்டம் போடும் ஆட்களால் நொந்துபோன ஒரு வீட்டுக்காரரின் புலம்பலில் தொடங்கி, அங்கே எங்கிருந்தோ வந்து சேரும் ஆளாகக் கண்ணனைக் காட்டுகிறார். பெருமாளைப் பாடும் பாட்டுக்குள் அன்றாட வீட்டுப் பேச்சு இவ்வளவு இயல்பாக நுழைந்ததில்லை.

எல்லாவற்றினும் பெரிய மாற்றம் கண்ணம்மா. ஆண் கவிஞர் பெண்ணாகி ஆண் தெய்வத்தைக் காதலிப்பது ஆழ்வார் வழி; பாரதி ஆணாகவே நின்று, தெய்வத்தைப் பெண்ணாக்கிக் காதலித்தார். இதற்கு முன்மாதிரியே இல்லை என்று சொல்ல முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சூஃபி ஞானியான குணங்குடி மஸ்தான் சாகிபு, மனோன்மணிக் கண்ணியில் பரம்பொருளைப் பெண்ணாக அழைத்து உருகியிருக்கிறார். ஆனால் கண்ணன் என்ற பழகிய பெயரையே எடுத்து, அதைப் பெண்பாலாக்கி, ஒரு வீட்டுப் பெண்ணைக் கூப்பிடும் சொல்லாக்கியது பாரதியின் செயல்.

அந்தக் காதலிப் பாடல்களில் ஒன்றுக்கு அவர் வைத்த தலைப்பு 'நாணிக் கண் புதைத்தல்'. ஒருதுறைக் கோவையை 400 பாட்டாக நீட்டிய அதே துறை. கோவைப் புலவர்கள் கண்ணை மூடிய கையை வருணித்துக்கொண்டிருந்த இடத்தில், பாரதி அந்த நாணம் எதற்கு என்று கேட்கிறார். நேற்று வந்த உறவா இது, முன்பொரு பிறவியில் நீ இராமனாக வந்தாய், நான் மிதிலை அரசன் மகளாக இருந்தேன் என்று கண்ணம்மாவிடம் அவர் வாதாடும்போது, பராங்குச நாயகி திரும்பி வந்துவிடுகிறாள். ஆண் பெண்ணாவதும் பெண் ஆணாவதும் ஒரே பாட்டில் நிகழ்கின்றன. துறையின் பெயரைக்கூட மாற்றாமல் அதன் உள்ளத்தைப் புதிதாக்கியது இந்தப் பாட்டு. பழைய துறையை அறியாதவருக்கும் அது இனிய பாட்டே, அறிந்தவருக்கு அது 400 பாட்டுக்குச் சொன்ன ஒரு விடை.

யாப்பை விட்டு வந்த புதுக்கவிதையும் இந்த வழியிலிருந்து வெகுதூரம் போய்விடவில்லை. தமிழின் முதல் புதுக்கவிதை என்று பலராலும் சுட்டப்படும் ந. பிச்சமூர்த்தியின் கவிதை, 1934-இல் மணிக்கொடி இதழில் வந்தது, அதன் தலைப்பே 'காதல்'. சி.சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய 'எழுத்து' இதழ் அந்த வடிவத்தை நிலைநிறுத்திய பின், அசையும் சீரும் தளையும் தேவையில்லை என்று எழுத வந்த தலைமுறைகளின் காதல் கவிதைகளைப் புரட்டினால் பெரும்பாலும் 'நீ', 'நான்', 'அவள்', 'அவன்' என்றே இருக்கும். யாரும் அவர்களுக்கு அகத்திணையியலை எடுத்துச் சொல்லி விதிக்கவில்லை. திரைப்பாட்டிலும் அப்படியே. கதைப்படி கதாநாயகிக்குப் பெயர் இருந்தாலும், பாட்டு வரும்போது அந்தப் பெயர் பெரும்பாலும் வெளியே நின்றுவிடுகிறது. பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து கேட்பவர் அதைத் தமக்கு வேண்டியவரைப் பற்றிய பாட்டாகக் கேட்பதற்கு வேண்டிய இடம் அதனால் கிடைக்கிறது.

பெயர் வேண்டும் என்று படும்போது பாட்டெழுதுவோர் பலமுறை நாடுவது 'கண்ணம்மா' என்ற சொல்லை. துவாரகையில் ஆண்ட ஒருவனுடைய பெயராக இருந்து, ஆழ்வார்கள் அழுது அழைத்த பெயராகி, புதுச்சேரியில் பாலும் மாறிய அந்தப் பெயர், இன்று யாரையும் சுட்டுவதில்லை. தமிழ் பேசும் எந்த ஊரிலும், எந்தக் காதலியையும், மடியில் கிடக்கும் எந்தப் பெண் குழந்தையையும் அப்படி அழைக்கலாம்.